கரிசலாங்கண்ணி வந்த கரை

திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு பொய் சொல்லிவிட்டேன். "சும்மாதான் வந்தேன் ஏழுமலை. நாலு வருஷமா போன்லயே பேசிக்கிட்டு இருக்கோம், ஒரு தடவை நேர்ல பாக்கலாம்னு."

ஏழுமலை அதை நம்பினார். நம்பியது போலத்தான் தெரிந்தது. அந்த ஊரில் இருந்த நாட்களில் யார் எதை நம்புகிறார்கள், யார் நடிக்கிறார்கள் என்று பிரித்துப் பார்ப்பதே எனக்கு வேலையாகிப் போனது.

மலேசியாவில், கிள்ளானில் எனக்கு ஒரு சின்ன மூலிகைக் கடை உண்டு. கரிசலாங்கண்ணிப் பொடி, பொன்னாங்கண்ணிப் பொடி, வல்லாரைப் பொடி. பிள்ளை பெற்ற பெண்கள்தான் அதிகம் வாங்குவார்கள். இலை எல்லாம் ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. ஏழுமலை ஆள் வைத்துப் பறித்து, நிழலில் காய வைத்து, பொடித்து அனுப்புவார். பாக்கெட்டில் 'ஓடைக்கரையில் இயற்கையாக வளர்ந்தது' என்று அச்சடித்திருப்பேன். அதை எழுதியது நான்தான்.

வருவதற்கு ஒரு மாதம் முன்பு வாடிக்கையாளர் ஒருத்தியின் தம்பி கடைக்கு வந்தான். பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவன். அக்கா வாங்கி வைத்திருந்த பொடியைச் சும்மா ஒரு நாள் சோதித்துப் பார்த்தானாம். "இதுல களைக்கொல்லி இருக்கு ஆன்ட்டி" என்றான். சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அன்று மாலையே பாக்கெட்டுகளை அலமாரியிலிருந்து எடுத்து உள்ளே வைத்தேன். கேட்டவர்களிடம் 'சரக்கு முடிந்துவிட்டது' என்றேன். ஏற்கெனவே வாங்கிப் போனவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஏழுமலையிடமும் சொல்லவில்லை. போனில் சொன்னால் நான் வருவதற்குள் எல்லாவற்றையும் சுத்தமாக்கி வைத்துவிடுவார் என்று நினைத்தேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

ஏழுமலை பைக்கில் வந்திருந்தார். என் பெட்டி பைக்கில் நிற்காது என்பதால் என்னை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். ஆறு பேர் உட்காரும் ஆட்டோவில் பதினொரு பேர். என் மடியில் யாரோ ஒரு அம்மாவின் மல்லாட்டை மூட்டை; வேர்க்கடலைக்கு இங்கே அதுதான் பெயர். பாதி வழியில் கிளட்ச் ஒயர் அறுந்து வண்டி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி எங்களைப் பார்த்து, "பேஜாரு பண்ணிடுச்சிம்மா, ஜல்தி சரி பண்ணிடறேன்" என்றார். முக்கால் மணி நேரம் ஆனது. அந்த அம்மா மூட்டையைப் பிரித்து ஆளுக்கொரு கை மல்லாட்டை கொடுத்தார். எங்கள் ஊரில் வண்டி நின்றால் ஆளாளுக்கு போனை எடுத்துக்கொண்டு திரும்பி நிற்போம். இங்கே யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்பது வரை எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அந்த மல்லாட்டையை நான் வாயில் போடவில்லை. கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். எந்த நிலத்தில் விளைந்ததோ, என்ன அடித்தார்களோ.

ஏழுமலையின் வீட்டில் அவர் மனைவியும் மகள் கௌசல்யாவும் இருந்தார்கள். கௌசல்யா தலைப்பிரசவத்துக்கு வந்தவள். பிள்ளை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. ஏழுமலை என்னை அக்கா என்று கூப்பிடுவதால் அவளுக்கு நான் அத்தை. "பசியாறிட்டியா?" என்று நான் கேட்டதும் சிரித்துவிட்டாள். "நாஷ்டா ஆச்சான்னு கேக்கறீங்களா அத்த? இது நல்லா இருக்கே!"

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். கௌசல்யாவின் தட்டில் சூடான சோறு. அவள் அம்மா ஒரு டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி பச்சைப் பொடியைப் போட்டு நெய் ஊற்றினார். அந்த நிறம் எனக்குத் தெரியும்.

"நம்ம பொடியா?" என்றேன்.

"நம்ம பொடிதாங்க்கா" என்றார் ஏழுமலை. "உங்களுக்கு அனுப்பற அதே சரக்கு. பச்ச உடம்புக்காரிக்கு வேற இன்னாத்த குடுக்கறது?"

கௌசல்யா முதல் கவளத்தைப் பிசைந்து வாயில் வைத்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. ஏழுமலையின் முகத்தைப் பார்த்தேன். கண் எங்காவது விலகுகிறதா, கை தயங்குகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. அப்படியானால் இந்த மனுஷனுக்குத் தெரியாது. அல்லது எனக்காகவே இது நடக்கிறது. இரண்டில் ஒன்று. சோற்றைப் பிசைந்துகொண்டே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பைக்கில் ஓடைக்குக் கூட்டிப் போனார். ஏரியின் மதகிலிருந்து வரும் ஓடை அது. பொங்கல் கழிந்து பத்து நாள்தான் ஆகியிருந்ததால் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. கரை இரண்டும் பச்சை. வெள்ளைப் பொட்டு வைத்தது போல் கரிசலாங்கண்ணிப் பூ. நீர் ஓரத்தில் பொன்னாங்கண்ணி படர்ந்து கிடந்தது. நீர்முள்ளியின் ஊதாப் பூவில் தேனீ. பாக்கெட்டில் போட படம் எடுக்கலாம், அவ்வளவு அழகு.

"எப்படி இருக்குது?" என்றார் ஏழுமலை.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். உட்கார்ந்து செடிகளை விலக்கிப் பார்த்தேன். ஒரு தண்டுகூட அறுக்கப்படவில்லை. வாரம் இரண்டு மூட்டை இலை போகிற இடத்தில் அரிவாள் பட்ட தடம் ஒன்றாவது இருக்க வேண்டாமா? கால்தடம்கூட இல்லை.

"இங்க யாரும் பறிச்ச மாதிரி தெரியலையே ஏழுமலை."

அவர் கொஞ்சம் தடுமாறினார். பைக் சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "இப்ப இங்க பறிக்கறதில்லக்கா. விழுப்புரம் பக்கம் கெடார்ல இருந்து வருது. அங்க ஆளுங்க இருக்காங்க."

அவர் கண் விலகியதை அப்போதுதான் பார்த்தேன்.

திரும்பி வந்து அவர் குளிக்கப் போன நேரத்தில் இலை காய வைக்கும் கொட்டகைக்குள் போனேன். புதிதாக வந்த இலை, இன்னும் வாடக்கூட இல்லை. கிளறிப் பார்த்தேன். மேலாக நல்ல இலை. அடியில் சில தண்டுகள் பன்றி வால் போல முறுக்கிக் கிடந்தன. இலைகள் அகலமில்லாமல், நாடா போலச் சுருங்கி, ஓரம் கிண்ணம் போல மடிந்திருந்தன. நாலைந்தை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டேன்.

இது எனக்குப் புதிய காட்சி இல்லை. என் அம்மா பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்தில், பாமாயில் மரத் தோட்டத்தில், இருபது வருஷம் களைமருந்து அடித்தவள். முதுகில் தொட்டியோடு மரத்தடிகளைச் சுற்றி வருவாள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எந்த மருந்து செடியை ஒரே நாளில் கருக்கும், எது பத்து நாள் வைத்து மஞ்சளாக்கும், எது முறுக்கிக் கொல்லும் என்பது பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரியும்.

சாயங்காலம் மாத்திரை வாங்கி வருகிறேன் என்று சொல்லி, திண்டிவனத்துக்குப் போய் ஒரு பூச்சிமருந்துக் கடையில் ஏறினேன். கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினேன். கடைக்காரர் கண்ணாடியைக்கூடப் போடவில்லை. "டூ ஃபோர் டி, களைக்கொல்லி" என்றார். "நெல்லா, கரும்பா? பக்கத்து வயலுக்கு அடிச்சது காத்துல வந்து பட்டிருக்கும். புல்ல ஒண்ணியும் பண்ணாது. இந்த மாதிரி அகல எலைய முறுக்கிடும்."

"இது வயல்ல இல்லீங்க. ஓடைக்கரையில."

"ஓடைக்கு யாருங்க அடிக்கப் போறாங்க?"

"வயல்ல அடிச்சது ஓடைக்கு வராதா?"

அவர் நிமிர்ந்து என்னை முதன்முறையாகச் சரியாகப் பார்த்தார். என் பேச்சு, என் செருப்பு, என் கைப்பை. "நீங்க யாரு? டிவியா? ஆபீசா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லும் முன்பே அடுத்தவரிடம் திரும்பிவிட்டார். அதன் பிறகு நான் அங்கே நிற்பதே அவருக்குத் தெரியவில்லை.

அன்று ஓட்டலில் தோசையோடு மல்லாட்டைச் சட்னியும், கேட்காமலே ஒரு கிண்ணம் கீரைக் கூட்டும் வைத்தார்கள். மலேசியாவிலிருந்து இவ்வளவு தூரம் வந்து நல்ல கீரையை ஒதுக்கி வைத்த ஆள் நானாகத்தான் இருப்பேன். பரிமாறியவர், "கீர புடிக்காதாம்மா?" என்றார். பிடிக்கும் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

மூன்றாம் நாள் யாரிடமும் சொல்லாமல் கெடாருக்குக் கிளம்பினேன். முதலில் விழுப்புரம், அங்கிருந்து வேறு பஸ். இரண்டாவது பஸ்ஸில் டயர் பஞ்சர். எல்லோரையும் இறக்கி ஒரு புளியமரத்தடியில் நிற்க வைத்தார்கள். கண்டக்டர் மட்டும் பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்து டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார். "காலைலயே சொன்னேன் சார், காத்து கம்மியா இருக்குதுன்னு. இவரு கேட்டாதானே!" டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

கெடாரில் ஊருக்கு வெளியே ஒரு மல்லாட்டைக் கொல்லையில் ஏழெட்டுப் பெண்கள் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கரிசலாங்கண்ணி பறித்து யாராவது திண்டிவனத்துக்கு அனுப்புகிறார்களா என்று கேட்டேன். எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"கரிசாலையா? இத்த போயி யாரு வாங்குவாங்க?" என்றாள் ஒருத்தி, கையிலிருந்த களைக் கட்டிலிருந்து ஒரு செடியைத் தூக்கிக் காட்டி. "தோ, மாட்டுக்குப் போட்டுக்கினு இருக்கோம். திண்டிவனத்துல இல்லாததா இங்க இருக்குது?"

வேறு இரண்டு இடங்களில் கேட்டேன். அதே பதில்தான். ஏழுமலை சொன்னது பொய்.

வெயில் ஏறியிருந்தது. அந்தப் பெண்கள் என்னை வேலியோரம் உட்கார வைத்துச் சொம்பில் கேப்பைக் கூழ் கொடுத்தார்கள். மோர் விட்டு, வெங்காயம் கடித்துக் குடித்தேன். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து சந்தேகமில்லாமல் குடித்தது அதுதான். "மருந்து அடிக்காம கையால எடுக்கறீங்களே" என்றேன். "இந்த வருஷம் எடுக்கறோம்" என்றாள் அவர்களில் மூத்தவள். "மேலண்ட கொல்லைக்காரரு போன வருஷமே மருந்துக்கு மாறிட்டாரு. பத்து பேரு நாலு நாளு செய்யற வேல, ஒரு ஆளு தொட்டி மாட்டிக்கினு மத்தியானத்துக்குள்ள முடிச்சிடறான். அடுத்த வருஷம் வந்தீங்கன்னா நாங்க இங்க இருக்க மாட்டோம்."

ஏழுமலையின் வீட்டுக்குத் திரும்பியதும் கௌசல்யா, "எங்க அத்த போனீங்க? அப்பா தேடிக்கினு இருந்தாரு" என்றாள். கடைவீதி என்றேன். ராத்திரிச் சாப்பாட்டில் மறுபடி அந்தப் பொடி. அவள் தட்டைப் பார்க்காமல் நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஆதாரம் கையில் வரட்டும், எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டுவிடலாம் என்று திட்டம் வைத்திருந்தேன். ஏழுமலை மழுப்ப முடியாதபடி கேட்க வேண்டும்.

நான்காம் நாள் காலையில், ஏழுமலை காட்டிய இடத்திலிருந்து ஓடையோடு தனியாக நடந்தேன். தண்ணீர் போகும் திசையில், கீழ்ப்பக்கமாக. ஒரு சிறு பாலம் வரை எல்லாம் பச்சைதான். பாலத்தைத் தாண்டியதும் கரும்பு வயல்கள் தொடங்கின. கரையும் மாறியது.

கத்தியால் கோடு கிழித்தது போல ஒரு மஞ்சள் பட்டை வரப்பிலிருந்து தண்ணீர் விளிம்பு வரை இறங்கியிருந்தது. வைக்கோல் நிறத்தில் செத்த செடிகள். அதைத் தாண்டினால் கோரையும் புல்லும் மட்டும் அடர்ந்து நின்றன. பூ என்று ஒன்று இல்லை. கொஞ்சம் முன்பு கையைச் சுற்றிப் பறந்த தேனீ இங்கே இல்லை. தண்ணீரில் பச்சைப் பாசி நூல் நூலாக மிதந்தது. மேலே பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு கல்லிலும் நத்தை ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன். இங்கே ஐந்தாறு கல்லைப் புரட்டினேன், ஒன்றும் இல்லை. பொன்னாங்கண்ணி அங்கங்கே உயிரோடு இருந்தது. ஆனால் எல்லாம் முறுக்கியது. முறுக்காத நல்ல தளிர்கள் எங்கெல்லாம் இருந்தனவோ அங்கெல்லாம் தண்டு அறுபட்டிருந்தது. இன்று காலைதான் அறுத்திருக்கிறார்கள், வெட்டுவாய் இன்னும் ஈரமாக இருந்தது.

நூறு அடி தள்ளி ஒரு ஈச்சமரம். அதன் நிழலில் ஒரு கோணி மூட்டை, வாய் கட்டாமல். உள்ளே கரிசலாங்கண்ணி. மூட்டைக்கு உரியவரைத் தேடி நிமிர்ந்தேன். வரப்பின் மேல் ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். முதுகில் நீலத் தொட்டி, வாயைச் சுற்றிப் புடவைத் தலைப்பு. ஒரு கையால் பம்பை அடித்துக்கொண்டு, மறு கையில் குழலை ஆட்டிக்கொண்டு வந்தாள். என் அம்மாவின் நடை. இடது தோள் கொஞ்சம் இறங்கிய அதே நடை.

அவள் என்னைப் பார்த்தும் வேலையை நிறுத்தவில்லை. வரப்பை முடித்தாள். ஓடையில் இறங்கித் தொட்டியைக் கழற்றினாள், தண்ணீர் மொண்டு குலுக்கி ஓடையிலேயே கொட்டினாள். மூன்று முறை. பாசிக்கு நடுவே வெள்ளையாக ஒரு நுரை போயிற்று. கை காலைத் தேய்த்துக் கழுவி, மரத்தடிக்கு வந்து மூட்டையின் வாயைக் கட்டத் தொடங்கினாள்.

"இது ஏழுமலைக்குப் போற மூட்டையா?" என்றேன்.

"ஆமா. நீங்கதான் மலேசியாக்காரம்மாவா? வந்திருக்கறதா சொன்னாங்க." அவள் பெயர் அஞ்சலை.

"பறிக்கிறதும் நீங்கதானா? மருந்து அடிக்கிறதும் நீங்கதானா?"

"ஆமாங்க்கா. காலையில பறிப்பேன், அப்பால அடிப்பேன். எங்க ஊட்டுக்காரரு அடிச்சிக்கினு இருந்தாரு. மருந்து கண்ணுல தெறிச்சிப் போயி அவருக்குக் கண்ணு சரியா தெரியல. களை எடுக்க இப்ப யாரும் கூப்புடறதில்ல. தொட்டிய நான் மாட்டிக்கினேன்."

கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். இதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தேன். ஆனால் கோபம் வரவில்லை. "எங்கம்மாவும் அடிச்சவங்கதான்" என்றேன்.

"உங்க ஊர்லயுமா?" அஞ்சலை என்னை உட்காரச் சொன்னாள். "அவங்களுக்கு நகம் எப்படி இருந்துச்சி?" தன் கையை நீட்டினாள். நகங்கள் பழுப்பேறி, நுனி பிளந்து இருந்தன.

"இதே மாதிரிதான்."

வெயிலில் நிற்க வேண்டாம் என்று வீட்டுக்குக் கூட்டிப் போனாள். ஏழுமலை வீட்டுக்குப் பக்கத்துத் தெருதான். அவள் கணவர் வாசலில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். வெளிச்சம் வரும் பக்கமாகத் தலையைத் திருப்பி என்னை வரவேற்றார். அஞ்சலை சோறும் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரைப் பொரியலும் வைத்தாள். எனக்கு அந்தப் பொரியலைப் பார்த்ததும் கேட்கத் தோன்றியது.

"ஓடையில இவ்ளோ கீரை இருக்கு. வீட்டுக்கு எடுத்துட்டு வர மாட்டீங்களா?"

"அய்யோ, அத்தப் போயி யாரு துன்னுவாங்க? அத்தினி மருந்தும் அங்கதானே வந்து சேருது. இது ஊட்டு மரத்து எலை."

"தெரிஞ்சேவா ஏழுமலைக்குக் குடுக்கறீங்க? ஜனங்க சாப்பிட?"

அஞ்சலை கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "சாப்புடவா? அது தலைக்குத் தேய்க்கற எண்ணெய்க்கு தானே? கரிசாலை தைலம். முடிக்கின்னு தானே நான் நெனச்சிக்கினு இருக்கேன்?"

"பொடி பண்ணிச் சோத்துல போட்டுச் சாப்பிடறாங்க அஞ்சலை. எங்க ஊர்ல பிள்ளை பெத்தவங்க சாப்பிடறாங்க. இங்க கௌசல்யாவும் சாப்பிடுது."

அவள் கரண்டியைக் கீழே வைத்ததையும் நான் பார்க்கவில்லை, செருப்பைப் போட்டதையும் பார்க்கவில்லை. என் தட்டில் கை இருக்கும்போதே அவள் தெருவில் இருந்தாள். "பால் குடுக்கற பொண்ணுடி அது!" என்று யாரிடமோ சொல்வது போலச் சத்தம் போட்டுக்கொண்டு போனாள். நான் கையைக் கழுவிக்கொண்டு பின்னால் ஓடினேன். என்னால் அவளைப் பிடிக்க முடியவில்லை.

நான் போய்ச் சேரும்போது அவள் ஏழுமலையின் அடுப்படியிலிருந்து அந்த டப்பாவோடு வெளியே வந்துகொண்டிருந்தாள். ஏழுமலை நடுவீட்டில் நின்றார்.

"இன்னா அஞ்சலக்கா, இன்னா ஆச்சி?"

"இத்த எதுக்குடா பொண்ணுக்குக் குடுக்கற? மருந்து அடிக்கற கரை அது! கரும்புக்கு அடிக்கறது, வரப்புக்கு அடிக்கறது, எல்லாம் அங்கதான் வருது. தொட்டியக்கூட அதுலதான் கழுவறேன். நான் தைலத்துக்குன்னு நெனச்சேன். நீ ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"நீ ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றார் ஏழுமலை. "எங்க பறிக்கறன்னு என்னிக்காவது சொன்னியா?"

"நீ என்னிக்காவது கேட்டியா?"

ஏழுமலை என் பக்கம் திரும்பினார். "கெடாருன்னு சொன்னது பொய்யிக்கா. அவங்க எங்க பறிக்கறாங்கன்னு எனக்கே தெரியாது. மூட்ட கொட்டகைக்கு வந்துடும், நான் காய வெப்பேன். நீங்க கடல் தாண்டி வந்து கேக்கறப்ப தெரியாதுன்னு எப்படி சொல்றது? வாயில வந்தத சொல்லிட்டேன்."

இந்த வாக்குமூலத்துக்காகத்தான் நான் வந்திருந்தேன். அது கிடைத்துவிட்டது. கையில் முறுக்கிய தண்டு சுற்றிய கைக்குட்டைகூட இருந்தது. அதை எடுத்து அவரிடம் நீட்டினேன். "எங்க ஊர்ல சோதிச்சுப் பாத்துட்டாங்க ஏழுமலை. பொடியில களைக்கொல்லி இருக்கு."

கௌசல்யா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அறை வாசலில் நின்றாள்.

"எப்ப சோதிச்சாங்க அத்த?"

நான் ஏழுமலையின் கையிலிருந்த கைக்குட்டையைப் பார்த்தேன்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடியா?"

"ஆமா."

"அப்ப மொத நாளு நான் சாப்புடறப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

ஏழுமலை, அவர் மனைவி, அஞ்சலை, மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நிச்சயமாகத் தெரியாது, சந்தேகம்தான், ஒரு பாக்கெட்டைத்தான் சோதித்தார்கள், எல்லாப் பாக்கெட்டிலும் இருக்கும் என்று எப்படிச் சொல்ல முடியும். சொல்வதற்கு நிறைய இருந்தது. அத்தனையும் வாய் வரை வந்தன.

"தெரியும்" என்றேன்.

அவள் திட்டவில்லை. குழந்தையின் தலையைக் கையால் மூடிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நாலு நாளில் எத்தனை வேளை. அதில் பல வேளை நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். அவள் சாப்பிடுவதை வைத்து அவள் அப்பாவை எடை போட்டுக்கொண்டிருந்தேன். அஞ்சலைக்குத் தெரிந்த நிமிடமே போட்டது போட்டபடி ஓடி வந்தாள். தொட்டியை ஓடையில் கழுவுகிற அஞ்சலை.

அன்று சாயங்காலமே கௌசல்யாவையும் குழந்தையையும் திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் ஏழுமலை கூட்டிப் போனார். நானும் வரட்டுமா என்று கேட்டேன். "வேணாங்க்கா" என்றார் ஏழுமலை. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. திரும்பி வந்து, டாக்டர் பயப்பட வேண்டாம் என்றார், பொடியை நிறுத்தச் சொன்னார், ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார் என்று மனைவியிடம் சொல்வது எனக்குக் கேட்டது. குழந்தை நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்பது போதுமா என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை ஏழுமலை கொட்டகையின் பின்னால் குழி வெட்டினார். காய்ந்தது, காயாதது, பொடித்தது எல்லாவற்றையும் கொட்டினோம். நானும் மூட்டைகளை இழுத்தேன். அவர் தடுக்கவில்லை. அஞ்சலையும் வந்திருந்தாள். மேல் ஓடையில், பாலத்துக்கு அந்தப் பக்கம் பறிக்கலாமா என்று அவளிடம் கேட்டேன்.

"அது இந்த வருசம் நல்லா இருக்குதுக்கா. அங்கயும் ரெண்டு பேரு கரும்பு போடப் போறாங்க." மண்ணைத் தள்ளிக்கொண்டே சொன்னாள். "நாளைக்கு அடிக்கக் கூப்புட்டா நான் போவேன். போவாம முடியாது. தொட்டிய இனிமே ஓடையில கழுவ மாட்டேன். அது ஒண்ணுதான் என் கையில இருக்குது."

நான் கிளம்பும்போது கௌசல்யா வெளியே வரவில்லை. அவள் அம்மா மட்டும் வாசல் வரை வந்து, வழியில் சாப்பிட இட்லி கட்டிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொள்ளும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியாமல் வாங்கிக்கொண்டேன்.

திண்டிவனம் பஸ் நிலையத்தில் சென்னை பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. கிள்ளானில் இந்நேரம் மத்தியானம் ஆகியிருக்கும். என் போனில் வாடிக்கையாளர்கள் பட்டியல் இருக்கிறது. அதில் யாருக்குப் பிள்ளை பிறந்தது, எப்போது வாங்கினார்கள் என்றெல்லாம் குறித்து வைத்திருப்பேன். பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புவதற்காக. ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். புதுச்சேரி பஸ்காரர் ஊர் பெயரைக் கூவிக்கொண்டிருந்தார். ஒரு காதைப் பொத்திக்கொண்டு முதல் பெயரை அழுத்தினேன். தேவி. டிசம்பரில் பெண் குழந்தை.

"அக்கா! சரக்கு வந்துடுச்சா?" என்றாள் எடுத்ததும். "இங்கே ஸ்டாக் முடியப் போகுது, நீங்க எப்ப வர்றீங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

"தேவி, வீட்டுல மிச்சம் இருந்தா சாப்பிடாத. எடுத்துத் தனியா வை. அதுல களைக்கொல்லி இருக்கு. டாக்டர்கிட்ட காட்டு, நான் கூட வர்றேன்."

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ முனகுவது மட்டும் கேட்டது. அவள் மூச்சை இழுத்து என்னவோ கேட்க வந்தாள். என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும்.

அவள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "எனக்கு ஒரு மாசத்துக்கு முன்னாடியே தெரியும்."